கடைக்கண்ணில் தெரிந்த நட்சத்திரம்

காஹாங்
14-9-1931

அன்புள்ள புஷ்பத்துக்குச் செல்லப்பன் எழுதுவது.

உன் அண்ணன் மணியம் போட்ட கார்டு நேற்று வந்தது. வியாழக்கிழமை உன்னைக் காஸ்வே பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குக் கூட்டிப் போய்க் கண் டாக்டரிடம் காட்டப் போவதாக எழுதியிருந்தார். நல்லது. டாக்டர் கேட்டால், ஜனவரியில் கடுமையான மலேரியா வந்தது, காய்ச்சல் கண்ணில் இறங்கிவிட்டது என்று சொல். அது போதும். அவர்களுக்குப் புரிந்துவிடும்.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. ரப்பர் விலை விழுந்ததால் துரை இன்னும் நாற்பது பேரை நிறுத்திவிட்டார். மூன்றாவது லயத்து வீடுகள் எல்லாம் காலி. ஆஸ்பத்திரி ஆயா பேச்சியம்மாள், "அம்மா எப்ப வருவாங்க" என்று தினமும் கேட்கிறாள். கண்ணாடி போட்டுக்கொண்டு வருவாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

நம் நட்சத்திரம் திரிசங்கோடு சேர்ந்து மேற்கே இறங்கிவிட்டது. இனி மாசி மாதம்தான் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தென்கிழக்கே எழும். டெலஸ்கோப்பைத் துடைத்து, ஈரம் பிடிக்காமல் இருக்க வறுத்த அரிசிப் பொட்டலம் ஒன்றை உள்ளே வைத்துப் பெட்டியை மூடிவிட்டேன். இந்த வருஷம் அதுவும் உன்னைப் போலவே மங்கிக் கிடந்தது. அது ஏறிவரும்போது உன் கண்ணும் சரியாகிவிடும்.

மனத்தைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே.

இப்படிக்கு,
செல்லப்பன்


ஜோகூர் பாரு
22-9-1931

என் கணவர் அவர்களுக்குப் புஷ்பவள்ளி நமஸ்காரம்.

எழுத்து பெரிதாகவும் வரி கோணலாகவும் இருக்கும். ராஜம்மா அண்ணி எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஒரு சமயத்தில் ஒரு சொல்தான் என் பார்வைக்குள் நிற்கிறது. அடுத்த சொல்லுக்குப் போனால் முன்னது காணாமல் போகிறது. இந்தக் கடிதத்தை எழுத இரண்டு பகல் ஆயிற்று.

டாக்டர் என்னைக் கறுப்புத் துணிக்கு முன்னால் உட்கார வைத்தார். குச்சியில் வெள்ளை மணி ஒன்றைக் குத்தி ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாகக் கொண்டுவந்தார். எப்போது தெரிகிறதோ அப்போது சொல்லச் சொன்னார். நான் 'தெரிகிறது' என்று சொல்லும்போதெல்லாம் மணி நடுவுக்கே வந்திருந்ததாம். மேலே, கீழே, இரண்டு பக்கமும் அப்படித்தான். பிறகு கேட்டார்: காய்ச்சலின்போது காது இரைந்ததா? இரைந்தது என்றேன். மறுநாள் காலையில் முழுக்க இருட்டாகிவிட்டதா? ஆமாம், இரண்டு நாள் இருட்டு என்றேன். "எத்தனை கிரெயின் குவினைன் கொடுத்தாங்கன்னு கேட்கிறார்" என்று அண்ணன் தமிழில் சொன்னார். என் வீட்டுக்காரர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரசர், அவருக்குத்தான் தெரியும் என்றேன்.

அதற்குப் பிறகு டாக்டர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணனிடம் இங்கிலீஷில் பேசினார். திரும்பி வரும் பஸ்ஸில் நான் வற்புறுத்தியபின் அண்ணன் சொன்னார். இது காய்ச்சலால் வந்ததில்லையாம், மருந்து மிஞ்சிப் போனதால் வந்ததாம். எட்டு மாதம் ஆகிவிட்டதால் இனிப் பார்வை திரும்பாதாம். கண்ணாடியால் பயனில்லையாம், இருட்டில் அந்த நடுப் பார்வையும் நிற்காதாம்.

எத்தனை கிரெயின் கொடுத்தீர்கள்? எழுதுங்கள்.

புஷ்பவள்ளி


காஹாங்
30-9-1931

அன்புள்ள புஷ்பம்,

உன் கடிதம் கிடைத்தது. பட்டணத்து டாக்டர்கள் தோட்டத்து மலேரியாவைப் பார்த்ததில்லை. மூளைக்கு ஏறிய காய்ச்சலில் பிழைத்தவர்கள் பத்தில் இரண்டு பேர். அதில் நீ ஒருத்தி. மற்றவர்களுக்குக் கொடுத்த மருந்தைத்தான் உனக்கும் கொடுத்தேன். கொடுக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு யாருக்குக் கடிதம் எழுதுவேன்?

மணியத்துக்கு நான் டிரசராக இருப்பது என்றைக்குமே பிடித்ததில்லை. அவர் மொழிபெயர்த்ததில் என்ன கூட்டினாரோ, என்ன குறைத்தாரோ.

நீ சீக்கிரம் வந்து சேர். குளுவாங் ஸ்டேஷனுக்கு லாரியோடு வந்து காத்திருக்கிறேன். உடம்பு தேறினால் கண்ணும் தேறும். இதையே நினைத்துக்கொண்டிருக்காதே.

செல்லப்பன்


ஜோகூர் பாரு
6-10-1931

நமஸ்காரம்.

கிரெயின் கணக்கை நீங்கள் எழுதவில்லை. நானும் இனிக் கேட்கப் போவதில்லை. காய்ச்சல் விட்ட வாரம் பேச்சியம்மாள் என்னிடம் பெருமையாகச் சொன்னாள்: "டிரசர் ஐயா தூங்கவே இல்லம்மா. ஒரே நாள்ல மூணு தடவை வந்து உங்களுக்கு ஊசி போட்டாரு." அப்போது அதை உங்கள் அன்பு என்று நினைத்தேன். இன்றும் அப்படி நினைக்கத்தான் பார்க்கிறேன்.

என் கேள்வி வேறு. நீங்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தப் பழைய துரை ஊருக்குப் போகும்போது அவருடைய டெலஸ்கோப்பையும் நட்சத்திரப் படங்களையும் புத்தகத்தையும் நீங்கள் ஆசையாக வாங்கி வந்தீர்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறது என்று அலுத்துக்கொண்டீர்கள். காப்பி கொண்டுவந்த நான் குனிந்து பார்த்துவிட்டு, "அந்தப் பாக்குப்பழ நிறத்துல இருக்கிறது போன வாரம் இன்னும் வெளிச்சமா இருந்துச்சே" என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் சிரிப்பை நிறுத்தினீர்கள். வெளிச்சம் ஏறி இறங்கும் நட்சத்திரம் அது, வீங்கிச் சுருங்கிக்கொண்டே இருக்கிறது, வெள்ளை நட்சத்திரங்களைவிடச் சூடு குறைந்தது என்று படித்துக் காட்டினீர்கள்.

ஆரஞ்சு நிறத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது உள்ளதைவிடப் பெரிதாகக் காட்டி ஏமாற்றும், சட்டென்று பார்த்துச் சொல்ல வேண்டும் என்று நீங்கள்தான் படித்துச் சொன்னீர்கள். அது மங்கிவிட்ட காலத்தில் நேரே பார்த்தால் மறைந்துவிடும், கடைக்கண்ணால் பார்த்தால் வரும் என்பதை நானே கண்டுபிடித்தேன். பக்கத்தில் இருக்கும் இரண்டு வெள்ளை நட்சத்திரங்களுக்கு நடுவில் அதை வைத்து, இன்றைக்கு இதற்குக் கொஞ்சம் கீழே, அதற்கு நிறைய மேலே என்று நான் சொல்வேன். நீங்கள் எழுதுவீர்கள். நாலு வருஷம். முந்நூற்றுப் பன்னிரண்டு இரவுகள். அந்தக் குறிப்பெல்லாம் சீமையிலுள்ள வானசாஸ்திரச் சங்கத்துக்கு உங்கள் பெயரில் போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை. கண் என்னுடையது, கை உங்களுடையது.

இந்த மார்ச் மாதம் காய்ச்சலுக்குப் பிறகு முதல் தடவையாக நான் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். ஒன்றுமே இல்லை. கறுப்பு. நான் பயந்து உங்கள் கையைப் பிடித்தேன். நீங்கள் குனிந்து பார்த்துவிட்டு, "அது இறங்கியிருக்கு புஷ்பம். கொஞ்ச மாசத்துல ஏறிடும்" என்றீர்கள். ஏப்ரலில் டெலஸ்கோப் கண்ணாடியில் பூசணம் என்றீர்கள். நான் என் சேலைத் தலைப்பாலேயே அதைத் துடைத்தேன். ஜூலை வரைக்கும் நீங்கள் ஒவ்வொரு வாரமும் பார்த்து, இன்னும் மங்கல், இன்னும் மங்கல் என்று எண் சொன்னீர்கள்.

அந்த மார்ச் மாதம் நீங்கள் குனிந்து பார்த்தபோது நட்சத்திரம் அங்கே இருந்ததா, இல்லையா?

புஷ்பவள்ளி


காஹாங்
25-10-1931

புஷ்பம்,

இருந்தது.

இதை எழுத இத்தனை நாள் ஆகிவிட்டது. இனி ஒளிக்காமல் எழுதுகிறேன்.

ஜனவரி பதினெட்டாம் தேதி வார்டில் நாற்பத்தொரு பேர் காய்ச்சலில் கிடந்தார்கள். என் உதவியாளும் அதில் ஒருவன். நீ வீட்டில் நினைவில்லாமல் கிடந்தாய். நான் மூன்று நாளாக உட்காரவில்லை. காலையில் உனக்கு ஊசி போட்டேன். வார்டில் இருப்பவர்களுக்குக் கட்டிலில் சீட்டுத் தொங்கும், போட்டதும் எழுதிவிடுவோம். வீட்டில் இருந்த உனக்குச் சீட்டு இல்லை. மத்தியானம் வந்தபோது உன் உடம்பு கொதித்தது. காலையில் போட்டது உனக்கா, உன் வயதில் வார்டில் கிடந்த வேறொருத்திக்கா என்று எனக்குத் தெரியவில்லை. நிஜமாகவே தெரியவில்லை. போட்டேன். சாயங்காலமும் அதே குழப்பம். மறுபடியும் போட்டேன். மறுநாள் நீ கண்ணைத் திறந்து, "ஏங்க, விளக்கு ஏத்தலையா" என்று கேட்டாய். அப்போது காலை பத்து மணி. வெயில் உன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்துவிட்டது.

வாரம் ஒருமுறை வரும் பெரிய டாக்டரிடம் சொல்லவில்லை. ரிஜிஸ்டரில் ஏற்றவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பங்குதான். நீ என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடும் என்ற பயம்தான் மீதி.

மார்ச்சில் நீ என் கையைப் பிடித்தபோது சொல்லியிருக்க வேண்டும். குனிந்து பார்த்தேன். இரண்டு வருஷமாக அது அவ்வளவு பிரகாசமாக இருந்ததில்லை. எனக்கே, என் மட்டமான கண்ணுக்கே, அந்த நிறம் தெரிந்தது. உன்னிடம் அதைச் சொன்னால், தெரியாதது நட்சத்திரத்தின் குறை இல்லை என்று உனக்குப் புரிந்துவிடும். அதனால் இறங்கியிருக்கிறது என்றேன். ஒன்று சொன்னபின் அடுத்த வாரமும் சொல்ல வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு தடவையும் நீ ஆறுதலாகப் பெருமூச்சு விடுவாய். "அப்ப எனக்கு மட்டும் இல்ல" என்பாய். அதைக் கேட்கத்தான் பொய் சொன்னேன்.

செல்லப்பன்


ஜோகூர் பாரு
3-11-1931

டிரசர் ஐயா அவர்களுக்கு,

ஆஸ்பத்திரிக்கு வருபவர்கள் அழைப்பது போலவே எழுதியிருக்கிறேன். வேறு எப்படி அழைப்பதென்று தெரியவில்லை.

ஊசியை மன்னிக்க எனக்கு ஒரு நாள்கூட ஆகவில்லை. மூன்று நாள் தூங்காத மனிதர், நாற்பத்தொரு பேர். என் உயிரைக் காப்பாற்றத்தான் ஓடிவந்தீர்கள். இதை நான் அண்ணனிடமும் சொல்லிவிட்டேன். அவர் உங்களைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேச நான் விடவில்லை.

ஆனால் நீங்கள் ஐந்து மாதம் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இருப்பதை இல்லை என்றீர்கள். நான் துடைத்துத் துடைத்துப் பார்த்ததைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

இன்னொன்று. ஜூலையில் சங்கத்துக்கு அனுப்ப எழுதிய தாளை நீங்கள் படித்துக் காட்டினீர்கள், நான்தான் உறையை ஒட்டினேன். அந்த எண்களை மூக்கருகில் வைத்து நானும் பார்த்தேன். நீங்கள் எனக்குச் சொன்ன பொய் எண்களே அதில் இருந்தன. அது போய்விட்டதா?

போயிருந்தால் உடனே உண்மையை எழுதுங்கள். ஏன் பொய் எழுதினீர்கள் என்பதையும் எழுதுங்கள். என் மேல் இன்னும் ஏதாவது இருக்குமானால் இதை மட்டும் செய்யுங்கள்.

புஷ்பவள்ளி


காஹாங்
20-12-1931

புஷ்பம்,

உன் கடிதத்துக்கு ஆறு வாரமாகப் பதில் போடவில்லை. சங்கத்துக்கு எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அதற்குள் அவர்கள் கடிதம் வந்துவிட்டது. அப்படியே தமிழில் தருகிறேன்.

'தாங்கள் அனுப்பிய மார்ச் முதல் ஜூலை வரையிலான குறிப்புகளை, தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள எங்கள் அங்கத்தினர் இருவரின் குறிப்புகளோடு ஒப்பிட்டோம். அவர்கள் இருவரும் இந்த நட்சத்திரம் மிகப் பிரகாசமாக இருந்ததாகக் குறித்திருக்கிறார்கள். தாங்களோ அதற்கு நேர்மாறாக, அது தொடர்ந்து மங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். இதைக் கண்ணின் பிழை என்று கொள்ள முடியவில்லை. ஆகவே தங்கள் குறிப்புகள் அனைத்தையும், முந்தைய ஆண்டுகளில் வந்தவை உட்பட, கணக்கிலிருந்து விலக்கி வைக்க நேர்ந்ததற்கு வருந்துகிறோம்.'

'முந்தைய ஆண்டுகளில் வந்தவை உட்பட.' அதை நான் பத்து தடவை படித்தேன்.

நேற்றே உண்மை முழுவதையும் எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். நாலு வருஷக் குறிப்புகள் என்னுடையவை அல்ல, என் மனைவி புஷ்பவள்ளியின் கண்ணால் வந்தவை, அவை ஒவ்வொன்றும் உண்மை, கடைசி ஐந்து மாதம் மட்டும் நான் இட்டுக்கட்டியவை என்று எழுதினேன். காரணத்தையும் எழுதினேன். பெரிய டாக்டரிடமும் ஊசி விஷயத்தைச் சொல்லிவிட்டேன். இதை முன்பே செய்திருக்க வேண்டும்.

செல்லப்பன்


ஜோகூர் பாரு
2-1-1932

அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அண்ணியைப் படிக்கச் சொன்னேன். நானே படித்தால் ஒவ்வொரு சொல்லாகத்தான் வரும், அப்படி அதைத் தாங்க முடியாது என்று பட்டது. அண்ணி படித்துவிட்டு, "இதுக்குப் போயா அழுவுறே? நட்சத்திரம்தானே" என்றார். அவர் மேல் தப்பில்லை. கண் போனபோது அழாதவள் இதற்கு அழுகிறாளே என்று ஆச்சரியப்பட்டார்.

உங்களுக்காவது புரியுமா பார்க்கிறேன். நான் ஐந்தாம் வகுப்புப் படித்தவள். அந்தத் தோட்டத்தில் எனக்கென்று ஒரு வேலை இல்லை. பிள்ளையும் தங்கவில்லை. டிரசர் வீட்டம்மா என்பார்கள், என் பெயர்கூடப் பாதிப் பேருக்குத் தெரியாது. நான் சொன்ன ஒரு சொல் கடல் தாண்டிப் போய், யாரோ படித்தவர்களின் படத்தில் ஒரு புள்ளியாக நிற்கிறது என்பது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களிடம்கூட நான் சொன்னதில்லை. மேகம் மூடிய இரவில் நீங்கள், "நேத்தைய எண்ணையே போட்டுடலாமா" என்று ஒருமுறை கேட்டீர்கள். கூடாது என்றேன். பார்க்காத நாளுக்குக் கோடு போடச் சொன்னேன். முந்நூற்றுப் பன்னிரண்டிலும் நான் பார்க்காததைச் சொன்ன ஒரு நாள்கூட இல்லை.

அதையெல்லாம் பொய்யோடு சேர்த்து ஒரே கூடையில் போட்டுவிட்டார்கள். அவர்கள் செய்தது நியாயம்தான். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

அவர்கள் பதில் வந்தால் தெரியப்படுத்துங்கள்.

புஷ்பவள்ளி


காஹாங்
11-3-1932

புஷ்பம்,

அவர்கள் பதில் வந்துவிட்டது. மரியாதையாக எழுதியிருக்கிறார்கள். உன் கண்ணுக்காக வருத்தம் தெரிவித்திருக்கிறார்கள். அன்றன்று இரவில் பென்சிலால் எழுதிய அசல் நோட்டுப் புத்தகத்தை அனுப்பி வைத்தால், அது எழுதப்பட்ட விதத்தைப் பார்த்து, முதல் நாலு வருஷத்தை உன் பெயரிலேயே சேர்த்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள். 'திருமதி புஷ்பவள்ளி, ஜோகூர்' என்று.

நோட்டுப் புத்தகம் இல்லை, புஷ்பம்.

அந்த மார்ச் மாதம் நட்சத்திரம் இருந்ததா என்று நீ அக்டோபரில் கேட்ட கடிதம் வந்த அன்று, ஆஸ்பத்திரியில் கட்டுத்துணி வேகவைக்கும் அடுப்பில் அதைப் போட்டுவிட்டேன். பொய் எழுதிய பக்கங்களை யாரும் பார்த்துவிடக் கூடாது என்ற ஒரே நினைப்பு. கடைசிப் பத்துப் பக்கத்தை மட்டும் கிழித்திருக்கலாம். அந்த நேரத்தில் அது தோன்றவில்லை. அட்டை எரிய நேரமாயிற்று. நின்று கிளறிவிட்டேன். போன கடிதங்களில் இதைச் சொல்லத் தைரியம் வரவில்லை.

உனக்கு ஞாபகசக்தி அதிகம். ஒவ்வொரு இரவையும் நீ மனத்தில் வைத்திருப்பாய். உட்கார்ந்து சொன்னால் புதிய நோட்டில் எழுதி, பழசு போலவே செய்து அனுப்பிவிடலாம். எண்கள் உண்மையானவைதானே. சங்கத்திடம் என் தாள்களும் இருக்கின்றன, இரண்டும் ஒத்துப்போகும்.

என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நான் அங்கே வருகிறேன். நேரில் பேசலாம்.

செல்லப்பன்


ஜோகூர் பாரு
5-4-1932

அவர்களுக்கு,

கூலாயில் ஒரு மருந்துக்கடைக்காரர் வீட்டில் தங்கியிருப்பதாக அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனீர்களாம். அந்த விலாசத்துக்கு எழுதுகிறேன்.

நோட்டைப் பற்றி. ஞாபகத்திலிருந்து சொல்ல மாட்டேன். நிறைய நினைவிருக்கிறது. 1929-இல் திரிசங்கு உச்சிக்கு வந்த வாரம் அது எவ்வளவு சிவந்து கிடந்தது என்பதுகூட நினைவிருக்கிறது. ஆனால் இன்றைக்கு உட்கார்ந்து எழுதிவிட்டு, அன்றைக்கு எழுதியது என்று அனுப்பினால், அதற்கும் உங்கள் ஐந்து மாதத்துக்கும் என்ன வித்தியாசம்? நோட்டு எரிந்துவிட்டது என்று அவர்களுக்கு எழுதிவிடுங்கள். யார் எரித்தது என்பதையும் எழுதுங்கள். என் பெயர் வர வேண்டாம்.

நேற்று நீங்கள் வந்ததைப் பற்றி. அண்ணன்தான் உங்களை வாசலோடு திருப்பி அனுப்பினார் என்று நினைத்திருப்பீர்கள். அவர் மேல் கோபப்படாதீர்கள். அவர் உங்களை உள்ளே வரச் சொல்லத்தான் எழுந்தார். நான்தான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

நான் கூடத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தேன். உங்கள் செருப்புச் சத்தம் கேட்டதுமே தெரிந்துவிட்டது. "புஷ்பம்" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டீர்கள். குரல் இளைத்திருந்தது. சரியாகச் சாப்பிடுவதில்லை போலிருக்கிறது.

நான் பார்க்காததுபோல் இருந்தேன் என்று அண்ணனிடம் சொல்லிக் கண் கலங்கினீர்களாம். பாசாங்கு இல்லை. நீங்கள் எனக்கு இடது பக்கம் நின்றிருந்தீர்கள். இடது பக்கம் எனக்கு ஒன்றுமே கிடையாது. எனக்கு மிச்சமிருப்பது முகத்துக்கு நேரே ஒரு சிறு வட்டம் மட்டும்தான். அதில் நேற்று ஒரு முறமும் கொஞ்சம் அரிசியும் இருந்தன. உங்களைப் பார்க்க வேண்டுமானால் நான் முகத்தைத் திருப்ப வேண்டும்.

திருப்பவில்லை. திருப்பியிருந்தால் உங்களோடு வந்துவிட்டிருப்பேன்.

புஷ்பவள்ளி